ஹெல்மெட்டில் கேமராவா, வண்டியில் கேமராவா? குழம்பிப்போய் நிற்கிறேன்

ஒற்றைச்சிலிண்டர்

எல்லோருக்கும் வணக்கம். கேமரா வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த மாதிரி என்பதில்தான் சிக்கல்.

2 வாரத்துக்கு முன்பு ஒரு சந்திப்பில் பச்சை விளக்கில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு கார் சட்டென்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து, பின்சக்கரம் வழுக்கி, எப்படியோ விழாமல் நின்றேன். கார்க்காரர் இறங்கி வந்து, சிவப்பில் வந்தது நான்தான் என்று சத்தம் போட்டார். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து கேமரா நினைப்புதான்.

இன்னொரு ஆசையும் உண்டு. விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளில் ஓட்டுகிறேன். அம்மாவால் வண்டியில் அவ்வளவு தூரம் வர முடியாது. அந்தச் சாலைகளைப் படம் பிடித்துக் காட்ட வேண்டும்.

3 இரவுகள் உட்கார்ந்து விமர்சன வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் கடற்கரையில் நின்று 4கேவையும் 5.3கேவையும் ஒப்பிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

என் ஹெல்மெட் முகப்பகுதியைத் தூக்கித் திறக்கும் வகை, மேட் கறுப்பு. வண்டி ஒற்றைச் சிலிண்டர், அதிர்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்போதைக்கு ஒரு கேமராதான் வாங்க முடியும். ஹெல்மெட்டில் ஒட்டுவதா, ஹேண்டில்பாரில் பூட்டுவதா? ஹெல்மெட்டில் ஒட்டினால் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

வளைவுராஜா

ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டுங்கள். அவ்வளவுதான், இந்தப் பேச்சு இழையை மூடிவிடலாம். :)

விளையாட்டு போகட்டும். உச்சியில் வைத்தால் ஆளே பூச்சி மாதிரி இருப்பீர்கள், காற்று பிடித்துத் தலையை இழுக்கும். பக்கவாட்டில் வைத்தால் படத்தில் பாதி உங்கள் ஹெல்மெட்தான். தாடையில் வைத்தால் மட்டும்தான் ஓட்டுபவர் பார்ப்பது அப்படியே கிடைக்கும்: மேலே சாலை, கீழே ஹேண்டிலும் மீட்டரும். கையும் பிரேக் லீவரும் தெரிந்தால்தான் பார்ப்பவருக்கு வண்டியில் உட்கார்ந்த உணர்வு வரும்.

இன்னொன்று. வளைவில் வண்டி சாய்ந்தாலும் நாம் தலையை நேராகத்தான் வைத்திருப்போம். அதனால் தாடைக் கேமராவில் அடிவானம் நேராக நிற்கும், வண்டி அதற்குள் சாயும். வண்டியில் பூட்டிய கேமராவில் இது தலைகீழ். வண்டி நிமிர்ந்தே இருக்கும், உலகம்தான் சாயும். மோட்டோஜிபி பைக் பந்தய ஒளிபரப்பில், அடிவானத்தை நேராகப் பிடித்து வைக்கும் சுழல்காட்டி வைத்த கேமராவை வண்டியிலேயே பொருத்தியது இதற்காகத்தான். சாய்வு எவ்வளவு என்று பார்ப்பவருக்கு அப்போதுதான் புரியும்.

பழையவண்டி

கொஞ்சம் பொறுங்கள் ராஜா. தம்பி கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு.

சாட்சிக்கு ஒரு கேமரா, கதைக்கு ஒரு கேமரா. இரண்டும் வேறு சாதி. சாட்சிக் கேமரா உங்கள் நினைவில் இருக்கவே கூடாது. சாவி போட்டால் அதுவாக ஓட வேண்டும், கார்டு நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு மேலே எழுத வேண்டும். கதைக் கேமராவை நீங்கள்தான் நினைவு வைத்து அழுத்த வேண்டும்.

அந்தக் கார் குறுக்கே வந்தது எங்கே? மலைப்பாதையிலா, வீட்டுக்குப் பக்கத்திலா? வீட்டுக்குப் பக்கத்தில் என்றால் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த 10 நிமிட ஓட்டத்துக்குத் தாடையில் கேமரா மாட்டி, சார்ஜ் பார்த்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கிளம்பியிருப்பீர்களா?

நான் 3 வருடம் ஹெல்மெட் கேமரா மட்டும் வைத்திருந்தேன். ஒருநாள் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு வேன் வந்து இடித்தது. பதிவில் என்ன இருக்கிறது தெரியுமா? முன்னால் நிற்கும் பேருந்தின் முதுகு, ஒரு குலுக்கல், அப்புறம் பெரியவர்கள் முன்னால் போட்டுக் காட்ட முடியாத என் குரல். வேன் திரும்பிப் போன பிறகுதான் நான் தலையைத் திருப்பியிருக்கிறேன்.

ஒற்றைச்சிலிண்டர்

வீட்டிலிருந்து சரியாக ஆறு நிமிடத் தூரம் அண்ணா. பிடிபட்டுவிட்டேன்.

வயரிங்கிராக்கி

அப்படியென்றால் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

பைக்குக்கென்றே செய்த டேஷ்கேம் இருக்கிறது. இன்னோவ், விஓஃபோ, திங்க்வேர் என்று சில பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு லென்ஸ், சீட்டுக்கு அடியில் பெட்டி. கார் டேஷ்கேமை வாங்கிப் பூட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது கண்ணாடிக்குப் பின்னால் உலர்ந்த இடத்தில் இருக்கவே செய்தது. முதல் மழையே கடைசி மழை ஆகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஐபி67 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. வண்டி கழுவும்போது லென்ஸை நேராகக் குறிவைத்து அடித்துவிட்டு, கம்பெனியைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக மூன்று வயர் வரும். ஒன்று பேட்டரிக்கு நேராக, ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு, ஒன்று எர்த். சாவி வயரை ஹெட்லைட் வயரில் கடித்து வைக்காமல், தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பதிவு செய்யும் வசதி கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கேமரா 5 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.4 ஆம்பியர். 10 மணி நேரம் நின்றால் 4 ஆம்பியர் மணி. சின்ன வண்டியின் பேட்டரி மொத்தமே 8 என்றால் பாதி காலி, காலையில் தள்ளு வண்டிதான். மின்னழுத்தம் குறைந்ததும் தானாக அணையும் வசதி இல்லாத பெட்டியில் அந்த வயரைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொரு தொல்லை, அதிர்ச்சி உணரி. விபத்து நடந்தால் அந்தக் கோப்பை அழியாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. உங்கள் ஒற்றைச் சிலிண்டருக்கு ஒவ்வொரு வேகத்தடையும் விபத்துதான். ஒரு வாரத்தில் கார்டு முழுக்கப் பூட்டிய கோப்புகள் நிறைந்து, புதிது எதுவும் பதிவாகாது. உணர்திறனைக் கடைசிப் படிக்குக் குறைத்து வையுங்கள்.

நிழற்படக்காரி

சாட்சி என்று பேசுகிறோம், ஆனால் நம்பர் பலகை படத்தில் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லையே. வீடியோ நன்றாக இருப்பதும் எண் தெரிவதும் வேறு வேறு.

கேமரா எத்தனை கே என்பதைவிட, அந்தப் புள்ளிகளை எத்தனை டிகிரி அகலத்துக்கு விரித்துப் போடுகிறது என்பதுதான் கணக்கு. 4கே என்றால் குறுக்கே 3840 புள்ளி. அதை 120 டிகிரிக்கு விரித்தால் டிகிரிக்கு 32 புள்ளி. அரை மீட்டர் அகலப் பலகை 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 2.9 டிகிரி இருக்கும், அதாவது 90 புள்ளி. எண் படிக்கலாம். அதே பலகை 20 மீட்டரில் 45 புள்ளி. கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதுதான். 1080யில், அதாவது குறுக்கே 1920 புள்ளியில், 140 டிகிரி அகலம் வைத்தால் 10 மீட்டரிலேயே 40 புள்ளிக்கு இறங்கிவிடும். இரு சக்கர வண்டியின் பலகை இன்னும் சின்னது.

அதனால் சாட்சிக்கு வைப்பவர்கள் அகலத்தை அளவாக வையுங்கள். எல்லாவற்றையும் படத்துக்குள் கொண்டுவரப் போய், எதுவுமே படிக்க முடியாமல் போய்விடும்.

இது பகல் கதை. இரவில் கேமரா வீடியோவின் ஒவ்வொரு சட்டத்துக்கும் (ஃபிரேமுக்கும்) அதிக நேரம் வெளிச்சம் வாங்கும். குறுக்கே 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அந்தச் சட்டத்துக்குள் கார் 28 செ.மீ. போய்விடும். எண் முழுக்கத் தேய்ந்துவிடும். நொடியில் 500இல் ஒரு பங்கு என்றால் 3 செ.மீ. சொச்சம்தான். பகலில் கேமரா தானாகவே இந்த வேகத்துக்குப் போகும், இரவில் போக முடியாது. எந்த விலைக் கேமராவும் இதற்கு விதிவிலக்கு இல்லை. நான் பழக்கமாக்கிக்கொண்டது, ஏதாவது நடந்தால் எண்ணை வாய்விட்டு உரக்கச் சொல்லிவிடுவது. படத்தில் தெரியாவிட்டாலும் ஒலியில் இருக்கும்.

சினிமா மாதிரி வழுவழுப்பாக வர வேண்டும் என்று பகலில் லென்ஸுக்கு முன்னால் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, போடுவார்கள். ஷட்டரை மெதுவாக்குவதுதான் அதன் வேலையே. அம்மாவுக்குக் காட்டும் வீடியோவுக்குப் போடுங்கள், தினசரி ஓட்டத்துக்குப் போட்டால் சாட்சி காலி.

முன்னூற்றறுபது

இவ்வளவு பேசுகிறீர்கள், 360 கேமரா என்று ஒருவரும் வாய் திறக்கவில்லையே! முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாமே பதிவாகும். எந்தப் பக்கம் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து முடிவு செய்துகொள்ளலாம். ஒரே கேமரா, இரண்டு வேலையும் முடிந்தது. பழையவண்டி அண்ணாவின் வேன்கூட மாட்டியிருக்கும். தாங்கும் கம்பியும் படத்தில் தெரியாது, யாரோ பக்கத்தில் பறந்துவந்து எடுத்த மாதிரி இருக்கும். நான் இன்ஸ்டா360 எக்ஸ்4 வைத்திருக்கிறேன், 2024இல் வந்தது, 8கே.

நிழற்படக்காரி

வேன் மாட்டும், வேனின் எண் மாட்டுமா? 8கே என்றாலும் அதை 360 டிகிரிக்குப் பங்கிட வேண்டும். 7680ஐ 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 21. பழைய 5.7கே 360 கேமராவில் 16தான். என் கணக்கில் சாதாரண 4கே கேமராவுக்கு அது பாதி.

கதைக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு இணை இல்லை.

முன்னூற்றறுபது

சரி, கணக்கில் தோற்றேன். அப்படியே என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் லென்ஸ் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வண்டி நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலே லென்ஸ்தான் முதலில் தரையைத் தொடும். எனக்கு ஒருமுறை நடந்தது. 2025இல் வந்த எக்ஸ்5இல் லென்ஸை நாமே மாற்றிக்கொள்ளலாம். முன்பே கொடுத்திருந்தால் என் கண்ணீர் மிச்சமாகியிருக்கும். அப்புறம், ஒரு நாள் ஓட்டியதை வெட்டி ஒட்ட இரண்டு நாள் ஆகும். என் பழைய கணினி விசிறி சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

மழைக்கோட்டு

ஹெல்மெட்டில் ஒட்டலாமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் ஒட்ட மாட்டேன்.

ஹெல்மெட்டின் ஓடு வழுவழுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. தரையில் உரசும்போது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். துருத்திய பொருள் தரையில் மாட்டினால் தலை திருகும், கழுத்தும் மூளையும் அந்தத் திருகலைத்தான் தாங்காது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 218 தரம், ஓட்டுக்கு வெளியே கெட்டியான எதுவும் 5 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது என்கிறது. ஹெல்மெட்டுக்கான ஐ.நா. விதி 22இன் 06 திருத்தம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சுழற்சி மோதலுக்கும் சோதனை உண்டு, ஹெல்மெட்டோடு வரும் துணைக்கருவிகளையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். நாம் கடையில் வாங்கி ஒட்டும் தாடைப் பிடியை அந்த ஹெல்மெட்டோடு யார் சோதித்தார்கள்?

கார் பந்தய வீரர் ஷூமாக்கருக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும்தானே.

பழையவண்டி

தெரியும். ஆனால் அதைத் தெரிந்த மட்டும்தான் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் மெரிபெல்லில் பனிச்சறுக்கின்போது பாறையில் தலை மோதியது. ஹெல்மெட்டில் கேமரா இருந்தது, அதன் பதிவை விசாரணைக்காரர்கள் பார்த்தார்கள். கேமராதான் காயத்துக்குக் காரணம் என்பது பிற்பாடு கிளம்பிய பேச்சு, நிரூபணமாகவில்லை. அவர் துன்பத்தை நம் வாதத்துக்கு ஆணியாக அடிக்க வேண்டாம்.

துருத்தல் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் சரி.

வளைவுராஜா

மழைக்கோட்டு சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் எப்படி ஒட்டுகிறோம் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

ஓட்டில் துளை போட்டுத் திருகு முடுக்குவது பெரும் பாவம், அந்த ஹெல்மெட் அத்தோடு முடிந்தது. ஒட்டும் பிடி அடி பட்டால் பிய்ந்து போவது ஒருவகையில் நல்லதே. ஆனால் அது பிய்ந்தே தீரும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். பட்டையால் சுற்றிக் கட்டும் வகை ஓட்டைத் தொடாது, ஆனால் எளிதில் பிய்ந்தும் வராது. கூடவே பாதுகாப்புக் கயிறு என்று கெட்டிக் கம்பியால் ஹெல்மெட்டோடு கட்டி வைப்பவர்கள் உண்டு. கயிறு கட்டினால் மெல்லியதாக, இழுத்தால் அறுகிற மாதிரி கட்டுங்கள்.

சின்னக் கேமரா என்றால் இன்னும் நல்லது. கோப்ரோ ஹீரோ12 154 கிராம். இன்ஸ்டா360 கோ 3எஸ் 39 கிராம்தான். எக்ஸ்4 203 கிராம், அதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினால் கழுத்து மாலையில் கணக்குக் கேட்கும்.

மழைக்கோட்டு

39 கிராம் என்றால் பேச்சுவார்த்தைக்கு வருகிறேன். :)

ஒற்றைச்சிலிண்டர்

பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. இன்னொரு யோசனை. வீட்டில் பழைய போன் ஒன்று கிடக்கிறது, கேமரா அருமையாக இருக்கும். அதையே ஹேண்டில்பாரில் பூட்டிப் பதிவு செய்தால் என்ன? செலவே இல்லை.

காற்றோசை

வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!

நான் செய்தேன். வழி பார்க்க போனை ஹேண்டிலில் வைத்து நான்கு நாள் பயணம். திரும்பி வந்து குழந்தையைப் படமெடுத்தால் படம் கொதிக்கிற தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி நடுங்குகிறது. லென்ஸைத் தாங்கி நிற்கும் நுண்ணிய அமைப்பு அதிர்விலேயே போய்விட்டது. 2021 செப்டம்பரில் ஆப்பிளே இதைப் பற்றி அறிவிப்பு வெளியிட்டது. அதிகத் திறன் கொண்ட மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில் வழியாக வந்து, போன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பையும் குவியம் பிடிக்கும் அமைப்பையும் கெடுக்கலாம், அதனால் அப்படிப் பூட்ட வேண்டாம் என்று. நான் அதைப் படித்தது போன் போன பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வழி பார்க்கப் போன் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதிர்வு உறிஞ்சும் ரப்பர் வைத்த பிடி வாங்குங்கள்.

ஒற்றைச்சிலிண்டர்

சரி, போன் யோசனை வாபஸ். ஆக்ஷன் கேமராவை ஹேண்டிலில் வைத்தாலும் இதே கதிதானா?

நிழற்படக்காரி

கேமரா கெடாது, படம் கெடும். ஆக்ஷன் கேமராக்களில் பெரும்பாலும் நடுக்கத்தை மென்பொருள்தான் சரிசெய்கிறது, உள்ளே அசையும் லென்ஸ் கிடையாது. சோனி ஒருகாலத்தில் எக்ஸ்3000இல் லென்ஸையே அசைத்தது, அந்த வகையே இப்போது வருவதில்லை.

மென்பொருள் பெரிய குலுக்கலைச் சமாளிக்கும், அதாவது பள்ளம், மேடு, தலையாட்டல். கோப்ரோ 2018இல் ஹீரோ7இல் ஹைப்பர்ஸ்மூத் கொண்டுவந்த பிறகு இதில் எல்லாக் கம்பெனியும் நன்றாகவே முன்னேறிவிட்டார்கள். எஞ்சினின் பொடி அதிர்வு வேறு. சென்சார் படத்தை மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் கேமரா பலமுறை ஆடிவிட்டால் நேர்கோடெல்லாம் ஜெல்லி மாதிரி நெளியும். அதைப் பிறகு யாராலும் நேராக்க முடியாது. இரவில் இன்னும் மோசம், ஒவ்வொரு சட்டமும் ஏற்கனவே கலங்கியிருக்கும், மென்பொருள் அந்தக் கலங்கலை அசையாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே.

வயரிங்கிராக்கி

வண்டியில் பூட்டினால் கை நீளமான பிடி வேண்டாம். நீளம் கூடக் கூட ஆட்டம் கூடும். ஹேண்டிலில் பூட்டினால் வண்டி திரும்பும் முன்பே படம் திரும்பும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். கிராஷ் கார்டு, டேங்க் மேல் பகுதி, முன் விளக்குக்குப் பக்கம், இந்த மாதிரி வண்டியின் சட்டகத்தோடு சேர்ந்த இடமாகப் பாருங்கள். பூட்டுவதற்கு முன் அந்த இடத்தில் விரலை வைத்து, எஞ்சினை முறுக்கிப் பாருங்கள். விரல் கூசினால் கேமராவும் கூசும்.

காற்றோசை

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. என் பெயரே அதுதான்.

கேமராவின் சொந்த மைக்கில் 40 கி.மீ. தாண்டினால் காற்று இரைச்சல் மட்டும்தான். பேச வேண்டும் என்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக்கை ஹெல்மெட்டுக்குள் கொண்டு போங்கள். கன்னத் திண்டுக்கும் தாடைக்கும் நடுவில், வாய்க்கு நேராக வைக்காமல் ஓரமாக, நுரைத் தொப்பி போட்டு. வாய்க்கு நேராக வைத்தால் மூச்சு ஒவ்வொன்றும் புயல். டிஜேஐ ஆக்ஷன் 5 ப்ரோ கேமரா 2024இல் வந்தது, அதே கம்பெனியின் வயர் இல்லாத மைக் அதோடு நேராக இணையும். ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இண்டர்காம் வைத்திருப்பவர்கள் சேனாவின் 50சி மாதிரி, கேமராவும் பேச்சும் ஒன்றாக உள்ளதைப் பார்க்கலாம். ஒன்று கெட்டால் இரண்டும் போகும் என்பதால் எனக்கு அதில் மனம் போகவில்லை.

எஞ்சின் சத்தம் வேண்டுமா? மைக்கைச் சீட்டுக்கு அடியில், காற்றுப் படாத இடத்தில் வைத்துத் தனியாகப் பதியுங்கள். அம்மாவுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பழையவண்டி

கார்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள். வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குக்கூட வராது. வி30 முத்திரை உள்ளதை வாங்குங்கள், நொடிக்கு 30 மெகாபைட் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள். டேஷ்கேமுக்கு அதைவிட முக்கியம் நீடித்த உழைப்பு, இரவும் பகலும் அழித்து அழித்து எழுதும் வேலை அது. அதற்கென்றே தனி கார்டு வருகிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, உண்மையிலேயே பதிவாகிறதா என்று பாருங்கள். விபத்துக்குப் பிறகு பார்த்து, கார்டு போன மாதமே செத்துப்போயிருந்ததைக் கண்ட ஆள் ஒருவரைத் தெரியும். யார் என்று கேட்காதீர்கள்.

தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தால் சில கேமராக்கள் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும், எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

வளைவுராஜா

ஆக்ஷன் கேமராவின் பேட்டரி அமைப்பைப் பொறுத்து ஒரு மணி நேரம் சொச்சத்திலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம் வரை வரும். ஓடும்போது காற்று பட்டுக் கேமரா குளிர்ந்தே இருக்கும். வெயிலில் சிக்னலில் 5 நிமிடம் நின்றால்தான் சூடேறி அணையும். நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். ட்ரிஃப்ட் கோஸ்ட் எக்ஸ்எல் மட்டும் இதில் வேறு மாதிரி, 1080யில் 9 மணி நேரம் என்கிறார்கள். லென்ஸையும் சுழற்றிக்கொள்ளலாம், எனவே ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஒட்டலாம். படத் தரத்தில் புதிய கேமராக்களோடு போட்டி போடாது.

வேகமும் வழியும் படத்தில் வர வேண்டுமென்றால் கோப்ரோவில் ஹீரோ12ஐத் தவிர்த்துவிடுங்கள். 2023இல் அதில் ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டார்கள், 2024இல் ஹீரோ13இல் திரும்பக் கொடுத்தார்கள்.

மழைக்கோட்டு

வேகம் படத்தில் வருவது உங்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்லும், மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, சாலையில் தொடர்ந்து படம் பிடிப்பதை எல்லா நாட்டிலும் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரியாவில் இதில் கெடுபிடி அதிகம். எல்லை தாண்டிப் பயணம் போகிறவர்கள் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றும்போது அடுத்தவர் முகத்தையும் எண்ணையும் மறைப்பது சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரியாதை.

ஒற்றைச்சிலிண்டர்

முடிவு எடுத்துவிட்டேன். முதலில் இரண்டு லென்ஸ் டேஷ்கேம். மலைப்பாதைக்கு நண்பனின் கோ 3எஸ்ஸை இரவல் வாங்கித் தாடையில் வைத்துப் பார்க்கிறேன், பிடித்தால் அப்புறம் சொந்தமாக. வந்து சொல்கிறேன்.

ஒற்றைச்சிலிண்டர் *(ஒரு மாதம் கழித்து)*

வந்துவிட்டேன். சொன்னபடி நடந்தவையும், சொல்லாமல் நடந்தவையும்.

தாடைப் பிடி இரண்டாம் நாளே பிய்ந்துவிட்டது. மேட் பூச்சு பசையைப் பிடிக்கவில்லை, நானும் ஒட்டி ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். கேமரா டேங்க் பையில் விழுந்ததால் தப்பித்தேன். அப்புறம் படித்தேன், அந்தக் கெட்டிப் பசை நாடா 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பும், ஒரு நாளில் 90 விழுக்காடும், 3 நாளில்தான் முழுப் பிடிப்பும் அடையுமாம். இரண்டாவது முறை சோப்புத் தண்ணீரால் துடைத்து, உலரவிட்டு, 3 நாள் ஹெல்மெட்டைத் தொடவில்லை. இப்போது அசையவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன்: முகப்பகுதியைத் திறக்கும் பொத்தான் சரியாகப் பிடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஹெல்மெட்டைத் திறக்கவே விரல் நுழையவில்லை. விபத்தில் யாராவது என் ஹெல்மெட்டைத் திறக்க வேண்டியிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் எடுத்துவிட முடிவு செய்தேன்.

டேஷ்கேம் சாவி போட்டால் ஓடுகிறது, நான் மறந்தே போய்விட்டேன். பின் லென்ஸ் மட்டும் மழை நாளில் சேற்றால் மூடிவிடுகிறது. வயரிங்கிராக்கி சொன்ன மாதிரி முதல் வாரமே பூட்டிய கோப்பு 60 இருந்தது, உணர்திறனைக் குறைத்த பிறகு சரி.

ஒருநாள் சும்மா உட்கார்ந்து அதே சந்திப்பின் பதிவுகளைப் பார்த்தேன். 11 முறை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன். அதில் 7 முறை ஏதாவது பேருந்தையோ லாரியையோ ஒட்டி, அதன் நிழலிலேயே சந்திப்புக்குள் நுழைகிறேன். பக்கத்துச் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு நான் தெரியவே மாட்டேன். அந்தக் கார்க்காரர் சிவப்பில் வந்தது நிஜம்தான். ஆனாலும் என்னைப் பார்த்திருப்பாரா என்பது இப்போது எனக்கே சந்தேகம்.

அம்மாவுக்கு மலைப்பாதை வீடியோவைக் காட்டினேன். 4 நிமிடம் பார்த்தார். "ஏண்டா இப்படித் தலையை ஆட்டிக்கிட்டே ஓட்டுற?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

கேள்வி: இந்தப் பிடியை ஹெல்மெட்டுக்குச் சேதமில்லாமல் எப்படி எடுப்பது? தின்னர் போடலாமா?

மழைக்கோட்டு

தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது! பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஓடு என்றால் அவை அதன் வலுவையே கெடுக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொத்தான் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி.

வளைவுராஜா

முடி உலர்த்தியை மெதுவான சூட்டில், தள்ளிப் பிடித்து, பசை இளகும் வரை காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் நுரை கெடும். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ மீன்பிடி நரம்பையோ பிடிக்கும் ஓட்டுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுங்கள். கத்தி வேண்டாம். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.

பழையவண்டி

அம்மா சொன்னதில் தப்பில்லை தம்பி. நாம் கண்ணாடி பார்க்க, வளைவு பார்க்க, பக்கம் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்போம், நமக்குத் தெரியாது. பார்ப்பவருக்குத்தான் குமட்டும். அவருக்கு டேஷ்கேமின் முன் லென்ஸ் பதிவைப் போட்டுக் காட்டுங்கள். படம் சுமார்தான், ஆனால் ஆடாது. சத்தத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எந்த இடம் என்று சொல்லுங்கள்.

பின் லென்ஸை நம்பர் பலகைக்கு மேலே, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஏற்றுங்கள். சக்கரம் அடிக்கும் சேறு அவ்வளவு உயரம் வராது.

ஒற்றைச்சிலிண்டர்

நூலால் எடுத்துவிட்டேன், கீறல்கூட இல்லை. பின் லென்ஸை ஏற்ற வயர் ஒரு விரல்கடை குறைகிறது. வயரிங்கிராக்கி, இந்த வயரை நீட்டினால் தண்ணீர் இறங்குமா?

வயரிங்கிராக்கி

வெட்டி ஒட்டாதீர்கள், பின் லென்ஸ் வயரில் படமும் மின்சாரமும் சேர்ந்தே போகிறது. அதே கம்பெனியின் நீட்டிப்பு வயர் கிடைத்தால் அதைப் போடுங்கள், இணைப்பு சீட்டுக்கு அடியில் வருகிற மாதிரி. கிடைக்கவில்லை என்றால் சீட்டைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பாதி வண்டிகளில் வயரை டேங்குக்கு அடியில் சுற்றி விட்டிருப்பார்கள், நேராக இழுத்தாலே ஒரு சாண் கிடைக்கும்.